கால் சென்டர் வேலையா? ஆஃபர் லெட்டரை முதல்ல பிரிச்சுப் படிங்க!

"சார், சிடிசி மூணு லட்சம்னாங்க. கையில 21,000 தான் வருது. ஏமாத்திட்டாங்களா?" சென்னையில கால் சென்டர்ல சேர்ந்த ஒரு தம்பி என்கிட்ட கேட்ட கேள்வி இது.

ஏமாத்தல. 3,00,000-ஐ 12-ஆல வகுத்தா மாசம் 25,000. பேசிக் 12,500-னு வெச்சுக்குவோம். கம்பெனி கட்டுற பிஎஃப் 12%, அதாவது 1,500, கிராஜுவிட்டி 4.81%, சுமார் 600. ரெண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். உங்க பங்கு பிஎஃப் இன்னொரு 1,500. மிச்சம் சுமார் 21,400. இதுக்குள்ள இன்சென்டிவ்வும் இருந்தா, டார்கெட் முடிக்காத மாசம் இன்னும் குறையும்.

நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் தனியா வரும். ஆனா டே ஷிஃப்டுக்கு மாத்தினா நின்னுடும். அந்தத் தம்பி அதை நம்பித்தான் பைக் வாங்கியிருந்தார். மூணே மாசத்துல ஷிஃப்ட் மாறிடுச்சு, இஎம்ஐ மாறல.

என்னைக் கேட்டா, இது மட்டமான வேலை இல்ல. பேச்சுத் திறமையையும் பொறுமையையும் சம்பளம் குடுத்துக் கத்துத் தர்ற இடம். ஆனா கம்பெனி மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவு பண்றீங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அஞ்சு வருஷம் தொடர்ந்து சர்வீஸ் இல்லாம எடுத்தா வரியும் வரலாம். பழைய யூஏஎன் நம்பரையே புது கம்பெனியில குடுத்துப் பணத்தை மாத்திக்குங்க.

வீட்டுச் செலவு ஃபிக்ஸட் சம்பளத்துக்குள்ள முடியணும். அலவன்ஸும் இன்சென்டிவ்வும் நேரா சேமிப்புக்குப் போகணும். ராத்திரி கண்ணு முழிச்சுச் சம்பாதிச்ச காசு, கண்ணுக்குத் தெரியாம கரையக் கூடாது.