கார் ஏ.சி.யில் காஸ் எங்கே போச்சு?

கார் ரிப்பேர் என்றால் "அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சித்திரை வெயிலில், பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்து வடிவது யார்? நாம்தானே!

எங்கள் காரில் கல் பட்டு கண்டென்ஸர் ஓட்டையாகிவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் சல்லடை மாதிரி இருக்குமே, அதுதான். என் கணவருக்கு எதையும் தாமே கழற்றி மாட்ட ஆசை. புதிது வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். கடையில் காஸ் நிரப்பினார்கள். பத்து நாள் ஜில்லென்று இருந்தது. அப்புறம் வெறும் காற்று. மறுபடி காஸ், மறுபடி பத்தே நாள். தங்கையையும் ஐந்து மாதக் குழந்தையையும் மதுரைக்குக் கொண்டு போய் விட வேண்டிய நேரம் அது.

"ஏங்க, சமையல் சிலிண்டர் மாதிரி இது எரிஞ்சா தீருது?" என்று கேட்டேன்.

தீராது. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். காஸோடு எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். எண்ணெய் குறைந்தால் கம்ப்ரஸர் பழுதாகும்; அந்தச் செலவு பெரிய செலவு.

வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய் சேருமிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. "இங்கதாம்மா" என்றார். சோப்பு நுரை தடவியதும் குமிழி வந்தது. கண்டென்ஸர் புதிது, ஆனால் மூட்டில் பழைய ரப்பர் வளையமே இருந்தது. குக்கர் காஸ்கெட் நசுங்கினால் ஆவி போகிறதே, அதே கதை! ஓ-ரிங் என்பார்கள். மூட்டைக் கழற்றினால் புதியதுதான் போட வேண்டும், ஏ.சி. எண்ணெய் தடவி. விலை அற்பம்.

அதோடு முடியவில்லை. குழாய் திறந்திருந்தபோது காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும். நைட்ரஜன் அடைத்துக் கசிவு இல்லையென்று பார்த்து, பம்ப் வைத்து அரைமணி நேரமாவது வாக்குவம் இழுத்த பிறகே காஸ். 'வாக்குவம் போட்டீர்களா?' என்று நாமே கேட்கலாம், கூச்சப்படாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள். சில கார்களில் அது கண்டென்ஸரோடேயே வந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரரும் ஸ்பானரை எடுத்தால் ஒன்று சொல்லுங்கள்: காஸ் உள்ளே இருக்கும்போது மூட்டைத் தளர்த்தவே கூடாது. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ காஸ் சீறி வந்தால் மைனஸ் 26 டிகிரிக் குளிர். தோல் வெந்தது போலாகும், கண்ணுக்கு ஆபத்து. இவருக்கு ஓட்டை வழியே முன்பே எல்லாம் போயிருந்ததால் தப்பித்தார்.

ஒரு கொசுறு. ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர், பயம் வேண்டாம். அது வெளியே சொட்டாமல் கால்மிதி நனைந்தால், வடிகுழாயில் அடைப்பு. அதற்குப் போய்க் காஸ் நிரப்பாதீர்கள்.