எரிபொருளுக்கு இன்னும் எத்தனை நாள் கையேந்துவது?

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் மறுக்கப்பட்டன. மறுத்தது பகைநாடன்று, நம்மைத் தன் குடிகளென்று கூறிக்கொண்ட அரசாங்கம்! அந்நாளில் நம் மக்கள் மண்ணெண்ணெயிலே தாவர எண்ணெயைக் கலந்து வண்டி ஓட்டினர். புகை கக்கியேனும் அது ஓடிற்று. 2022 யூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவர்க்கும் எரிபொருளில்லை என்று கொழும்பு அறிவித்தபோது, தெற்கும் அத்துயரைச் சிறிது சுவைத்தது.

இதனைக் காட்டி, "அன்று எண்ணெய் ஊற்றி ஓட்டினோம், இனியும் ஓட்டுவோம்" என்று மேடையில் முழங்குவோர் நம்மவருள்ளும் உளர். முழக்கத்தால் இயந்திரம் ஓடாது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது மெய்யே. ஆயினும் பச்சை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்களவு பிசுபிசுப்புடையது. எரிபொருள் தெளிக்கும் முனையிலே கரியைப் படிய வைப்பது. மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைந்து கிடக்கும் தேங்காயெண்ணெயை எந்தக் குழாய் வழியே செலுத்துவது?

அதே எண்ணெயை மெதனோலும் சிறிது காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் பிரியும். மேலே நிற்பது உயிர் டீசல். பிசுபிசுப்பு டீசலை நெருங்கிவிடும். தீப்பற்றும் வெப்பநிலை 100 பாகை செல்சியசைத் தாண்டுவதால் களஞ்சியத்தில் வைக்க அஞ்ச வேண்டுவதில்லை. குறைகளையும் மறைக்கலாகாது: எடைக்கு எடை வெப்பம் பத்திலொரு பங்குக்கு மேல் குறைவு, நெடுநாள் வைத்தால் காற்றுப்பட்டுக் கெடும், பழைய இறப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும். மெதனோலும் கப்பலில்தான் வரவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, டீசல் இயந்திரத்துக்கன்றி இது ஆகாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது நசுங்கிய கடற்றொழிலாளரிடம் இதைக் காட்டி வாக்குக் கேட்பது மோசடி!

தேங்காயை உண்பவர் வாயிலிருந்து பறிக்கச் சொல்லவில்லை. காட்டாமணக்கை நம்பி இந்தியா 2003இல் வகுத்த பெருந்திட்டம் பொய்த்ததையும் அறிவோம். உணவுச்சாலைகளில் பொரித்துக் கழிந்த எண்ணெயையும், உதிர்ந்து வீணாகும் இலுப்பை விதையையும் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்க்கட்டும். கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியற் பீடம் சோதித்துத் தரம் சொல்லட்டும். ஐந்திலொரு பங்கு டீசலுடன் கலந்து உழவு இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாமே! இதனை நடத்தியிருக்கவேண்டிய வடக்கு மாகாண சபையின் ஆயுளோ 2018இல் முடிந்தது. ஆகவே கொழும்பையே கேட்கிறோம்: சங்கமொன்று தன் அங்கத்தவருக்குத் தானே எரிபொருள் வடித்தால் அது குற்றமா, உரிமையா? பதிலை எழுத்திலே தருக!