பழைய பியட் வண்டியை வாங்கலாமா?

கல்லூரியை விட்டுச் சென்று, உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து, இரண்டோர் ஆண்டு ஊதியத்தில் சிறிது மிச்சம் பிடித்த வாலிபர் சிலருக்கு இக்காலத்தில் விசித்திரமான ஓர் ஆசை தோன்றுகின்றது. கடைகளில் நிற்கும் புதிய மோட்டார் வண்டிகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருத்தலின், அவற்றில் மனம் செல்லாது, முன்னொரு காலத்து இத்தாலிய வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிப் புதுக்கி ஓட்டவேண்டும் என்பதே அவ்வாசை. ஆசையைப் பழிக்க யாம் முன்வரவில்லை. அழகிய பொருளை விரும்புதல் இயல்பு. ஆயினும் மணிபர்சைத் திறக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள. எம் கருத்தை முன்னரே சொல்லிவிடுகின்றோம்: வாங்கலாம், ஆனால் அவ்வண்டியை நன்கறிந்த மெக்கானிக் ஒருவர் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே வாங்கலாம். மற்றவை யாவும் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

இத்தாலிய வண்டி என்றவுடன், இரண்டே கதவுகளும் பின்னோக்கிச் சரிந்த கூரையும் உடைய 'கூபே' வண்டிகள் சிலர் நினைவிற்கு வரலாம். அவை நம் நாட்டினுள் வந்தது மிக அரிது. இறக்குமதித் தடையும் சுங்கவரியும் அவற்றைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டன. மதுரை வாசிகளுக்கு இத்தாலியின் எழில் வந்து சேர்ந்தது நான்கு கதவுள்ள பியட் வண்டியின் வடிவிலேயாம். டூரின் நகரில் 1899-இல் தோன்றிய பியட் கம்பெனியார், தாந்தே ஜியகோசா என்னும் புகழ்பெற்ற இஞ்சினியரின் திறத்தால், 1953-இல் '1100' என்னும் பெயரோடு புதிய வண்டி ஒன்றை வெளியிட்டனர். அவ்வழியில் வந்த வண்டிகளைப் பம்பாயில் செய்தவர்கள், வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியார். 1964-இல் வந்த '1100 டிலைட்' என்பதே சிற்சில மாறுதல்களுடன் 1974 முதல், சித்தூர் அரசியின் பெயர் பூண்டு, 'பத்மினி' ஆயிற்று. இத்தாலியர் இவ்வடிவத்தை 1966-இலேயே கைவிட்டு வேறு வடிவங்களுக்குச் சென்றுவிட்டனர். நாமோ ஏறத்தாழ 2000 வரை அதனையே செய்துகொண்டிருந்தோம். போட்டியின்மை என்னும் நிழலில் ஒரு தொழில் எவ்வளவு நீண்ட உறக்கம் கொள்ளும் என்பதற்கு இது சான்றாகும். அவ்வுறக்கத்தினாலேயே பாகங்கள் மாறாமல் இருந்து, பழைய வண்டிக்காரர் பிழைத்தனர் என்பதும் உண்மையே.

அக்காலத்தில் இவ்வண்டிக்கு இருந்த மதிப்பை இக்கால மாணவர் அறியார். பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள். பிரதம மந்திரியாக விளங்கிய லால் பகதூர் சாஸ்திரியார் 1964-இல் வாங்கியதும் பியட் வண்டிதான். விலை ரூ. 12,000, கையிலிருந்தது ரூ. 7,000, எஞ்சிய ரூ. 5,000-ஐப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரியில் அவர் தாஷ்கண்டில் காலமானபின், அக்கடனை அவர்தம் மனைவியார் லலிதா அம்மையார் தமது ஓய்வூதியத்திலிருந்து அடைத்துத் தீர்த்தார். புதிய வண்டிக்காக அத்தகைய பெரியார் கடன்பட்டதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பழைய வண்டிக்காகக் கடன்படுதல் மட்டும் எக்காரணத்தாலும் தகாது என்போம். வண்டி பட்டறையில் நிற்கும் மாதத்திலும் வட்டி நிற்காது.

இனி இதன் நலன்களைக் காண்போம். மதுரை வீதிகளுக்கு இதைவிடப் பொருந்திய அளவு கிடைத்தல் அரிது. நீளம் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. எடை ஏறக்குறைய 900 கிலோ. மாசி வீதிகளிலிருந்து கிளைக்கும் சந்துகளில் இக்காலத்துப் பெரு வண்டிகள் யானைபோல் சிக்கித் தவிக்கையில், பியட் நழுவிச் சென்றுவிடும். கண்ணாடிகள் அகன்றும் தூண்கள் மெலிந்தும் இருத்தலின், ஓட்டுபவர் நாற்புறமும் தெளிவாகக் காணலாம். கியர் மாற்றும் கோல் பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங் தண்டிலேயே அமைந்துள்ளது. பழகுவதற்குச் சில நாள் ஆகும், பழகியபின் கைக்கு இன்பமாயிருக்கும். அழகைப் பற்றிச் சொல்வதானால், பின்புறத்தின் இருமருங்கும் மேலெழுந்து நிற்கும் சிறு வால்துடுப்புகளே போதும். அவை ஓட்டத்திற்கு யாதொரு பயனும் செய்யா. எனினும் மீன்கொடி பறந்த ஊரில் அவற்றைக் குறைகூறுவார் யார்?

நம் ஊர்த் தட்பவெப்பமும் ஒருவகையில் துணைசெய்கின்றது. இவ்வண்டிக்குப் பெரும்பகை துரு. தூத்துக்குடியிலும் இராமேச்சுரத்திலும் கடற்காற்று தகட்டை அரித்துவிடும். மதுரைச் சமவெளியின் வறண்ட காற்றில் வளர்ந்த வண்டியோ, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கொட்டகைகளில் பல்லாண்டு கிடந்தும், அடித்தகடு உறுதியாயிருக்கக் காணலாம். சென்னையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ பளபளப்பான வண்டியைத் தருவிப்பதினும், இப்பக்கத்திலேயே ஓடிய, நிறம் மங்கிய வண்டியை வாங்குதல் சாலச் சிறந்தது.

ஆனால் அவ்வறட்சியைத் தரும் வெயிலே மற்றொருவகையில் சத்துருவாகின்றது. 1089 சி.சி. அளவும் ஏறத்தாழ 40 குதிரைத்திறனும் கொண்ட இவ்விஞ்சினில், பெட்ரோலை ஏற்றும் பம்பு இஞ்சினின்மேலேயே பொருத்தப்பட்டுள்ளது. சித்திரை, வைகாசி வெயிலில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ள, வண்டி நடுவீதியில் நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சற்றுநேரம் இளைப்பாறுவர்; இதுவே இன்றளவும் மருந்து. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் விசிறியும் இஞ்சினின் வேகத்திற்கேற்பவே சுழல்வதால், வண்டி ஊர்ந்து செல்லுங்கால் அதுவும் ஊர்கின்றது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் இவ்வண்டியோடு அகப்பட்டுக்கொள்பவர் தண்ணீர்ப் பாத்திரம் இன்றிப் புறப்படலாகாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறுவோர்க்கும் இதுவே சொல்வோம்.

அண்மையில் ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்துள்ளது. 2025 முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுப்பது; பழைய காலத்து ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் உள்ளுறுப்புகளையும் கெடுப்பது. வாரக்கணக்கில் ஓட்டாது நிறுத்திவைத்தால் டாங்கியின் உட்புறம் துருப்பிடிக்கும். ஆகவே வாங்கியவுடன் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுதல் வேண்டும். நிறம் பூசுவதற்கு முன் செய்யவேண்டிய செலவு இது. நெருப்புப் பற்றும் விஷயத்தில் சிக்கனம் கூடாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதனைப் பழமைப் பற்றுடையோர் பேசுவதில்லை. இவ்வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. காற்றுப்பை இல்லை, மிகப் பழையனவற்றில் இருக்கைப் பட்டையும் இல்லை. மோதுங்கால் தான் நசுங்கி உள்ளிருப்போரைக் காக்கும்படி அமைக்கும் முறையும் இதன் பிறப்பிற்குப் பின்னரே பரவியது. அழகர்கோயிலுக்குக் காலையில் மெல்லச் சென்று திரும்புவதற்கு இது போதும். மேலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே, இரவில், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு இதில் செல்பவரைத் துணிவுடையவர் என்று யாம் சொல்லமாட்டோம். வீட்டில் ஒரே வண்டிதான் வைக்க இயலும் என்பவர் இவ்வாசையை ஒத்திவைத்தலே தக்கது.

இனி மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். மோட்டார்த் தொழில் மதுரைக்குப் புதிதன்று. 1911-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது; இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரிவாயுவால் வண்டி ஓட்டும் கருவிகளைச் செய்தளித்தவரும் அந்நிறுவனத்தாரே. பஸ்ஸும் லாரியும் பழுதுபார்த்துப் பழகிய ஊராதலின், தந்தையிடமிருந்து மகனும், மேஸ்திரியிடமிருந்து பையனும் கற்றுவந்த கைத்தொழில் இங்கு வேரூன்றியது. அவர்களுள் பியட் வண்டியின் நாடி பார்ப்பவர் தனி ரகம். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சினின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, எந்த வால்வு தட்டுகின்றது என்று சொல்வர். டிஸ்டிரிபியூட்டரின் பாயிண்டைத் தீட்டி, இடைவெளியைக் கண்மதிப்பாலேயே அமைத்து, ஒரே சுழற்சியில் இஞ்சினை உயிர்ப்பிப்பர். புத்தகத்தில் காணும் அளவை அவர்கள் கேட்டறியார். ஆனால் அளந்து பார்த்தால் அவ்வளவே இருக்கும்.

இவர்கள் இப்பொழுது முதுமை எய்திவிட்டனர். இவர்தம் பட்டறைகளில் கற்க வரும் பையன்கள் இல்லை. இக்காலத்து வண்டியில் குறை கண்டுபிடிப்பது கணிப்பொறியின் வேலை. கருவியைச் செருகினால் எண் ஒன்று தோன்றும், அவ்வெண்ணுக்குரிய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவர். அம்முறையில் பழகிய இளைஞரிடம் பியட் வண்டியைக் கொடுத்தால், கருவியைச் செருக ஓர் இடமும் காணாது திகைப்பர். குற்றம் அவர்கள்மேல் இல்லை. அவர்கள் கற்றதற்கே ஊதியம் கிடைக்கின்றது. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் உண்மையில் வாங்குவது, அம்முதியவரின் எஞ்சிய உழைப்பாண்டுகளில் ஒரு பங்கையே ஆகும். கூலியில் பேரம் பேசாதீர். அவர் கீழ் ஒரு பையன் வேலை கற்பானாயின் அவனுக்கும் கொடுத்து ஊக்குக. பௌதிகம் பயிலும் நம் மாணவர் விடுமுறையில் ஒரு வாரம் இத்தகைய பட்டறையில் அமர்ந்திருப்பரேல், காந்தச் சுருளில் மின்னழுத்தம் எவ்வாறு பெருகிப் பொறியாகின்றது என்பதைக் கண்ணாரக் காண்பர்.

பாகங்கள் கிடைப்பதும் நாளுக்கு நாள் சுருங்குகின்றது. பம்பாய் வீதிகளில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்ஸிகள் இருந்தவரையில், இவ்வண்டிக்குப் பாகம் செய்து விற்பதில் ஆதாயம் இருந்தது. அவற்றுள் கடைசியானது இருபதாண்டுக் கெடு முடிந்து 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்திற்று. இனிச் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைக் கழற்றி விற்போரையும், நம் ஊர்க் கடைசல் பட்டறைகளையுமே பெரிதும் நம்பவேண்டும்.

இத்தனைக்கும் அஞ்சி, "சற்றுப் புதிய இத்தாலிய வண்டியையே வாங்கிவிடுவோம்" என்று 2009-இல் இங்கு வந்த பியட் 'புன்டோ'வை நாடுவோரும் உளர். ஜூஜாரோ என்னும் பெரிய சிற்பியின் கைவண்ணம் பட்ட அவ்வண்டி இன்றும் திரும்பிப் பார்க்கவைப்பது. பழையது மிக மலிவாகவும் கிடைக்கும். 1.3 லிட்டர் டீசல் இஞ்சின் மாருதி ஸ்விப்டிலும் இருந்ததே ஆதலின், அதனைப் பழுதுபார்ப்பவர் மூலைக்கு மூலை உண்டு. ஆனால் 2020 ஏப்ரலில் புதிய புகைவிதி வருமுன்னரே அக்கம்பெனியார் இந்நாட்டில் பியட் வண்டி விற்பதை விட்டுவிட்டனர். முன்விளக்கோ கதவோ உடைந்தால் அலையவேண்டும். பத்மினியின் கதவை நம் ஊர் டிங்கரிங் தொழிலாளி தகட்டில் தட்டியே எடுத்துவிடுவார். புன்டோவின் விளக்கைத் தட்டி எடுக்க இயலாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டிற்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆக உயர்ந்தது. இருபதாண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆயிற்று. பசுமை வரி இதற்குமேல். ஐம்பதாண்டு கடந்தவற்றிற்கு 2021-இல் தனி விதி வந்துள்ளது. அவ்விதியின்கீழ்ப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டலாகாது. ஆதலின் கடைக்கும் கல்லூரிக்கும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்க.

இவ்வளவும் கேட்டபின்னும் ஆசை தணியாதவர்க்கு ஒன்றிரண்டு சொல்வோம். வண்டியைப் பார்க்கச் செல்லுங்கால் ஒரு சிறு காந்தம் கொண்டு செல்க. பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகட்டைக் காலால் அழுத்திப் பார்க்க. இஞ்சின் சூடாயிருந்தால் ஆறியபின் வருவதாகச் சொல்லித் திரும்புக. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் வெட்டியிருப்பவற்றோடு ஒத்துள்ளனவா என்று நேரில் பார்க்க; இஞ்சின் மாறிய வண்டிகள் பல. வேறு மாகாணத்துப் பதிவாயின், அங்கிருந்து ஆட்சேபமின்மைச் சான்று வந்து சேருமுன் முழுப் பணத்தையும் கொடாதீர். மெக்கானிக்கையும் உடன் அழைத்துச் செல்க. அவருக்கு இன்று ஒழியாது என்றால், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினும், ஒழியும் நாள்வரை பொறுத்திருக்க.