பல் டாக்டரிடம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்



பல் பிடுங்கப் போகிற அன்று காலையில் நம்மில் பலர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ‘ஊசி போடுவாங்க, வெறும் வயித்தோட போறதுதான் நல்லது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்கு உரிய விதி அது. அப்படியென்றால் மருத்துவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். ஈறில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுப் பல்லை எடுப்பதற்குப் பட்டினி தேவையில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கோ அது ஆபத்து.

காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ வழக்கம்போல உள்ளே போயிருக்கும்; இட்லி மட்டும் போயிருக்காது. கிளினிக்கில் கூட்டம். முறை வருவதற்குள் பதினொன்றரை மணி. நாற்காலியில் உட்காரும்போதே கை நடுங்குகிறது, சட்டை நனைகிற அளவு வியர்க்கிறது. டாக்டர் ஒன்று கேட்டால் பதில் வேறொன்றாக வருகிறது. சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். பயம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாத நேரம் இது. ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால், நினைவு இருக்கும்போதே 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைத்துவிடும். அதற்கு ஊசி மருந்து இருக்கிறது.

பல் கிளினிக்கில் அதிகம் நேர்வது சாதாரண மயக்கம்தான். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளிறி, கொட்டாவி வந்து, குமட்டி, கண் இருட்டும். நாற்காலியைத் தட்டையாகச் சாய்த்துக் கால்களை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். கூட வந்தவர்கள் பதறிப்போய் அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுத்தும் தெளியவில்லை என்றால் அது வெறும் மயக்கம் அல்ல. டாக்டர் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தாடை வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழ்த்தாடையில் வலி, மாடி ஏறினால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. பல்லைத் தட்டிப் பார்த்தால் வலி இல்லை, எக்ஸ்ரேயிலும் சொத்தை இல்லை. இதயத்தின் வலி சில சமயம் இப்படித் தாடையில்தான் தெரியும். பல்லில் கை வைக்காமல் உடனே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புகிற பல் மருத்துவர், ஓர் உயிரையே காப்பாற்றிவிடுகிறார்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம். வாயில் இருக்கும் கருவிகளை எடுத்துவிட்டு, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

இதைப் படிக்கும் பல் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து ஒவ்வாமையில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இரைக்கும்போது முதலில் வேண்டியது அட்ரினலின். பெரியவர்களுக்கு 1:1000 மருந்தில் அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடியும். அவிலும் ஸ்டீராய்டும் அதற்கு ஈடாகாது. அந்த ஆம்பியூல் உங்கள் கிளினிக்கில் எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்பது உங்கள் உதவியாளருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி அதன் கழுத்திலேயே தொங்கட்டும். 108-ஐ அழைப்பது யார், வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது யார் என்று முன்பே பேசி வைத்து, மாதம் ஒருமுறை நடித்துப் பாருங்கள். பதற்றத்தில் கை தானாக வேலை செய்வது பழக்கத்தால்தான்.

ஆனால் உண்மை தெரியாமல் மருத்துவர் என்ன செய்ய முடியும்? ‘வலிப்பு உண்டா?’ என்று படிவத்தில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா மெதுவாகச் சொல்வார்: ‘இல்லைன்னு போடுடி.’ கல்யாணம் ஆக வேண்டிய பெண். யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் அம்மாக்களே, அந்தப் படிவத்தில் மட்டும் மறைக்காதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், நல்ல மருத்துவர் கட்டாயம் இடம் கொடுப்பார்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். வீசிங் இருப்பவர்கள் இன்ஹேலரை மறக்காமல் கொண்டுபோங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போய்ப் பல் மருத்துவரின் மேசையில் வையுங்கள். உங்களுக்குப் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, அட்டையைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்