நபாப் தோட்டத்தில் ஒரு பொதுவழி

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ். கிளாஸ்டர்ஷயரில் இருக்கும் சிறிய சந்தை ஊர் அது. செவ்வாய்க்கிழமை சந்தை கூடும் அதன் நீண்ட கடைவீதி, ரோமானியர்கள் போட்ட ஃபாஸ் வே நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. இங்கிருந்து புறப்பட்டு லாங்பரோ, போர்ட்டன்-ஆன்-த-ஹில் ஆகிய இரண்டு கிராமங்களைத் தொட்டுவிட்டு மோர்ட்டனுக்கே திரும்பும் நடை ஒன்று உண்டு. ஏழெட்டு மைல் தூரம். நிதானமாக நடப்பவருக்கு நான்கு மணி நேரம் ஆகும்.

இப்படி வட்டமாக நடப்பது ஆங்கிலேயர்களின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். போன வழியே திரும்புவது அவர்களுக்கு நடையே அல்ல. கையில் வரைபடம், தோளில் மழைக்கோட்டு, பையில் சாண்ட்விச், காலில் சேற்றுக்கென்றே செய்த பூட்ஸ். நம் ஊர்க்காரர் பார்த்தால் கிரிவலம் என்றே நினைப்பார். நடுவில் மலையும் இல்லை, சாமியும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் குறிப்பிட்ட வட்டத்தில் சாமியும் உண்டு என்பதுதான் வேடிக்கை.

மோர்ட்டனிலிருந்து தென்மேற்கே வயல்களின் ஊடே நடந்தால் முதலில் வருவது லாங்பரோ. தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள், ஒரு பழைய சர்ச், ஒரு மதுக்கடை. கோடைக் காலத்தில் வாக்னரின் இசை நாடகங்களைக் கேட்க ஊருக்குள் கூட்டம் வரும். காட்ஸ்வோல்ட்ஸ் என்றழைக்கப்படும் இந்தக் குன்றுப் பிரதேசத்தின் அழகுக்கு மூலதனம் ஆட்டு ரோமம். இடைக்காலத்தில் கம்பளி வியாபாரிகள் சம்பாதித்த பணம்தான் சர்ச் கோபுரங்களாக எழுந்து நிற்கிறது. ஆனால் லாங்பரோவுக்கு வடக்கே, போர்ட்டனுக்குப் போகும் பாதையில் நிற்கும் மாளிகையைக் கம்பளிப் பணம் கட்டவில்லை.

நடைபாதை ஒரு பெரிய எஸ்டேட்டின் புல்வெளிக்குள் நுழைகிறது. முதிர்ந்த மரங்கள், மேயும் ஆடுகள், ஓர் ஏரி. மேட்டின் மேல் மரங்களுக்கிடையே திடீரென்று பச்சை பாரித்த ஒரு செப்புக் கும்மட்டம். அகன்ற கல் இறவாணங்கள், மூலைகளில் சிறு சத்ரிகள், மயில் தோகை போல விரிந்த ஜன்னல் வளைவுகள். முகலாயர் காலத்து மாளிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கிலாந்து மழையில் வைத்துவிட்டது போல இருக்கும். இதுதான் செசின்கோட்.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. ஜான் காக்கரெல் என்ற கம்பெனிப் படையின் கர்னல் 1795-ல் இந்த எஸ்டேட்டை வாங்கினார். மூன்றே ஆண்டுகளில் இறந்துபோனார். சொத்து அவருடைய தம்பி சார்லஸ் காக்கரெலிடம் வந்தது. அவரும் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக வங்காளத்தில் இருந்து செல்வம் சேர்த்தவர். இன்னொரு சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் கட்டடக் கலைஞர். குடும்பத்துக்குள்ளேயே பணமும் இருந்தது, வரைபடம் போட ஆளும் இருந்தார். 1805-ஐ ஒட்டி வேலை தொடங்கியது.

தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். தமிழர்களுக்கு அவர் அந்நியர் அல்ல. 1792-ல் அண்ணன் மகன் வில்லியமோடு தென்னாட்டில் சுற்றி மதுரை, தஞ்சாவூர், பாபநாசம் அருவி என்று வரைந்து தள்ளியவர். புகைப்படம் இல்லாத அந்தக் காலத்தில் ஐரோப்பா இந்தியாவைப் பார்த்தது பெரும்பாலும் இந்த இருவரின் கண்களால்தான். செசின்கோட் தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சிறு கோயில், ஓடைமேல் ஒரு பாலம், பாலத்தின் மேல் நந்திகள், மூன்று தலை நாகம் சுற்றிய ஒரு நீரூற்று. பூஜை கிடையாது. எல்லாம் அலங்காரம். வீட்டுக்குள்ளே போனால் இந்தியாவின் சாயலே இல்லை. அறைகள் முழுக்க அந்தக் காலத்து ஐரோப்பியப் பாணியில் அமைந்தவை. வெளியே முகலாயர், உள்ளே ஆங்கிலேயர். 1807-ல் இதைப் பார்க்க வந்த பட்டத்து இளவரசர் மனம் பறிகொடுத்தார். பிரைட்டன் கடற்கரையில் பின்னாளில் எழுந்த அவருடைய கும்மட்ட அரண்மனைக்கு இந்த வருகை ஒரு தூண்டுகோல்.

இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிய இத்தகையவர்களை ஆங்கிலேயர்கள் ‘நபாப்’ என்று கேலி செய்தார்கள். நவாப் என்ற சொல்லின் திரிபு. வந்தவர்கள் நிலம் வாங்கினார்கள்; நிலம் வாங்கியவர்கள் பார்லிமென்ட்டுக்குப் போனார்கள். சார்லஸ் காக்கரெலும் எம்.பி. ஆனார், 1809-ல் பாரனெட் பட்டமும் வாங்கினார். சில மைல் தொலைவில் உள்ள டேல்ஸ்ஃபோர்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் முன்னோரின் எஸ்டேட்டை மீட்டு வாங்கிக் கட்டிய மாளிகை இருக்கிறது. அதைக் கட்டியதும் இதே சாமுவேல் காக்கரெல்தான். ஹேஸ்டிங்ஸின் கல்லறையும் அந்த ஊர் சர்ச்சில்தான் இருக்கிறது.

செசின்கோட் இன்றும் தனியார் வீடு. வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. குறிப்பிட்ட நாட்களில்தான் அனுமதி. ஆனால் அதே எஸ்டேட்டின் புல்வெளியைக் குறுக்கே கடந்து போகும் நடைபாதைக்குக் கட்டணமும் இல்லை, காவலாளியும் இல்லை. வருடத்தின் எந்த நாளிலும் எவரும் நடக்கலாம். நிலம் உரிமையாளருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை மக்களுடையது. வாசலில் ஒரு மரக்கம்பம், அதில் ஒரு மஞ்சள் அம்பு. அதுதான் அனுமதிச் சீட்டு.

இந்த மஞ்சள் அம்பு சும்மா கிடைத்துவிடவில்லை.

1604-க்கும் 1914-க்கும் இடையே பார்லிமென்ட் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களைப் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் அடைத்தது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நம் மேய்ச்சல் புறம்போக்கு போல ஊருக்குப் பொதுவாக இருந்த நிலமும், கலந்து கிடந்த துண்டு வயல்களும் தனித்தனிப் பட்டாவாக மாறின. மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவளும் கூலிகளானார்கள். மிஞ்சியது பாதை மட்டுமே. சர்ச்சுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் போக ஊர் ஜனம் காலங்காலமாக மிதித்த பாதை.

அதற்கும் ஆபத்து வந்தது. 1815-ல் வந்த ஒரு சட்டம், ‘தேவையற்றது’ என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கருதினால் ஒரு பாதையை மூடிவிடலாம் என்றது. மாஜிஸ்திரேட்டுகள் யார்? அக்கம்பக்கத்து நிலப்பிரபுக்கள். ஒருவருக்கு மற்றவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் காரியம் முடிந்தது.

போர்ட்டன்-ஆன்-த-ஹில் சர்ச்சில் அந்தக் காலத்தின் இன்னொரு முகம் இருக்கிறது. 1816-ம் ஆண்டு பொறித்த இரண்டு உலோக அளவைகள்: ஒரு புஷல், ஒரு பெக். நம் மரக்காலும் படியும் மாதிரி. சர்ச்சுக்குக் கொடுக்க வேண்டிய தசமபாக தானியத்தில் தகராறு வந்தால் மாஜிஸ்திரேட்டுகள் இவற்றை வைத்துத்தான் அளந்து தீர்த்தார்கள். தானியத்துக்கு அளவை இருந்தது. ஏழைக்கு எத்தனை பாதை தேவை என்பதை அளக்க மட்டும் நிலப்பிரபுவின் மனசாட்சியைத் தவிர வேறு மரக்கால் இல்லை.

எதிர்ப்பு கிராமத்தை விட நகரத்தில் பலமாகக் கிளம்பியது. 1826-லேயே மான்செஸ்டரில் பழைய நடைபாதைகளைக் காப்பாற்ற ஒரு சங்கம் அமைந்தது. வாரமெல்லாம் ஆலைப் புகையை சுவாசித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காற்று ஆடம்பரம் அல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் டெர்பிஷயரில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். வேட்டைக்காக எஜமானர்கள் பறவை வளர்த்த நிலம் அது. முன்னின்று நடத்திய பென்னி ராத்மன் 20 வயது இளைஞர். காவலாட்களோடு தள்ளுமுள்ளு ஏற்பட்டது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. நடந்ததற்காகச் சிறையா என்று நாடு கேட்டது. காந்தியின் உப்பு யாத்திரை முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

1949-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுன்டியும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வமான வரைபடத்தில் பதிய வேண்டும். பதிந்த பாதை பாதைதான். வேறு சாட்சி வேண்டாம். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 மைல் பொதுவழிகள் பதிவாகியுள்ளன. விவசாயி வயலை உழலாம். ஆனால் குறுக்கே போகும் நடைபாதையை உழுதால் 14 நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும், பயிருக்கு நடுவே குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும். பாதை உள்ள வயலில் பால் மாட்டு இனத்துக் காளையை, அதற்குப் பத்து மாதம் தாண்டிவிட்டால், அவிழ்த்துவிடக் கூடாது. செசின்கோட் நந்திகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

விவசாயிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நடக்க வருபவர் கதவை மூடாமல் போனால் ஆடுகள் சாலையில் நிற்கும். கயிறில்லாத நாய் சினை ஆட்டைத் துரத்தினால் நஷ்டம் அவருக்குத்தான். சட்டம் கொடுத்திருப்பது போவதற்கும் வருவதற்குமான உரிமை மட்டுமே. குடித்தனம் செய்யும் உரிமை அல்ல. இந்த எல்லையை இரு தரப்பும் ஏறக்குறைய மதிப்பதால்தான் ஏற்பாடு ஓடுகிறது.

ஆனால் பதிவாகாத பாதைகள்? 2000-ம் ஆண்டு வந்த சட்டம் ஒரு கெடு வைத்தது: 1949-க்கு முன்பிருந்தே உள்ள பாதைகள் 2026 ஜனவரி 1-க்குள் வரைபடத்தில் ஏறாவிட்டால் அவற்றின் மேலுள்ள பொது உரிமை அழிந்துவிடும். ஒருமுறை பொதுவழி என்றால் என்றும் பொதுவழி என்பது அங்கே நூற்றாண்டுகளாக நிலைத்த நீதி. அதற்கே காலாவதித் தேதி. நடப்போரின் சங்கமான ராம்ப்ளர்ஸ், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்துப் பழைய வரைபடங்களையும் இன்றைய வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 2020-ல் கிடைத்த கணக்கு: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேல் வரைபடத்திலிருந்து விடுபட்டிருக்கலாம். பாட்டன் நடந்த வழியை நிரூபிக்கப் பேரன் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்ட வேண்டிய நிலை. விண்ணப்பங்களோ உள்ளாட்சி அலுவலகங்களில் வருடக்கணக்கில் வரிசையில் நின்றன.

கெடு 2031-க்குத் தள்ளிப்போடப்பட்டது. பிறகு 2024 டிசம்பரில், கெடுவையே ரத்து செய்யப்போவதாக அரசு அறிவித்தது. தங்கள் நிலத்தில் எது வழி, எது வழியில்லை என்பதற்கு ஒரு முடிவு வேண்டாமா என்று நில உரிமையாளர் அமைப்புகள் முணுமுணுத்தன. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு குமாஸ்தா 1950-களில் வரையத் தவறிய கோட்டுக்காக ஒரு ஊரே தன் வழியை இழப்பது எந்த நியாயம் என்ற கேள்வி அதைவிடப் பெரியது.

வரைபடத்தில் விடுபட்டவை பாதைகள் மட்டுமல்ல. இந்த மாளிகைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் வெகுகாலம் விடுபட்டே இருந்தது. பழைய மாளிகைகள் பலவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2020 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் வசமுள்ள 93 இடங்களுக்குக் காலனியாட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்பு உண்டு என்று அது சொன்னதும் பெரிய கூச்சல் எழுந்தது. அழகான வீட்டைப் பார்க்க வந்தவனிடம் கணக்குக் கேட்கலாமா என்று சில எம்.பி.க்கள் கொதித்தார்கள். செசின்கோட் அந்த டிரஸ்டைச் சேர்ந்ததல்ல. அதற்கு அறிக்கையும் தேவையில்லை. கும்மட்டமே வாக்குமூலம்.

போர்ட்டனிலிருந்து கிழக்கே இறங்கும் பாதை, மறுபடி வயல்களைக் கடந்து மோர்ட்டன் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. நடந்த எட்டு மைலில் ஏறக்குறைய எல்லா அடியும் அடுத்தவர் நிலம். யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. வங்காளத்துப் பணம் இங்கே நிலத்தை வாங்கியது, பட்டத்தை வாங்கியது, பார்லிமென்ட் நாற்காலியை வாங்கியது, ஒரு சூரியன் கோயிலைக்கூட வாங்கியது. ஊர் மக்கள் மிதித்துப் போட்ட ஒரு மீட்டர் அகலப் பாதை மட்டும் அந்தப் பத்திரத்தில் சேரவில்லை.