கஞ்சா கேஸும் இலவச வக்கீலும்

ஆம்பூர்ப் பக்கம் சேரிப் பையன்மேல் கஞ்சா கேஸ் விழுந்தால், வக்கீல் ஃபீசுக்கு முதலில் அடகுக்கடை ஏறுவது அம்மாவின் கம்மல்தான். ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்துச் சேர்த்த கம்மல். எதுக்குத் தோழர்களே? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி எஸ்.சி., எஸ்.டி. ஆட்களுக்கு வக்கீல் இலவசம். வருமானம் என்னன்னு கேள்வியே கிடையாது. சாதிச் சான்றிதழை ஸ்காலர்ஷிப்புக்கு மட்டுமே நீட்டிப் பழகிட்டோம். கோர்ட் வளாகத்துச் சட்டப் பணிகள் குழுவிலும் நீட்டணும். வேலூர் ஜெயிலுக்குள்ளே இருந்தும் மனுப் போடலாம்.

இலவச வக்கீல் ஏனோதானோன்னுதான் வாதாடுவார் என்கிறார்கள். அப்படிப்பட்டவரும் உண்டு. அதனால்தான் படித்த பிள்ளைகள் கூடப் போய் உட்காரணும். எடை எவ்வளவு எழுதியிருக்குன்னு முதலில் கேளுங்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே எடைதான். 1 கிலோவுக்குக் கீழே என்றால் அதிகபட்சம் 1 வருஷம், இல்லை 10,000 ரூபாய் அபராதம், இல்லை ரெண்டும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருஷம்; ஜாமீனும் லேசில் கிடைக்காது. உடம்பைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டுன்னு பையனிடம் சொன்னாங்களா? 50-ஆம் பிரிவு அது. ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்படவேணாம். அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாதுன்னு 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது.