பந்தயப் பணமும் பருவமழையும்

வருங்காலத்தை அறிய ஜோசியரும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். பந்தயச் சந்தையின் விலையைப் பார்த்தால் போதும் என்றொரு கொள்கை மேல்நாடுகளில் செல்வாக்கடைந்திருக்கிறது. வாயால் பேசுவோன் எதையும் பேசுவான். கைப்பணம் வைப்பவன் யோசித்தே வைப்பான் என்பது அக்கொள்கையினரின் வாதம். சிதறிக் கிடக்கும் செய்திகளை விலை ஒன்றுதிரட்டுவதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோலின் நீளம் அறியாமல் உலகத்தை அளக்கப் புகுவது அறிவீனம்.

2024-ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். வாக்களித்தோரிடம் விசாரித்து வெளியிட்ட கணிப்புக்களை நம்பி ஜூன் 3-ந் தேதி பம்பாய்ப் பங்குச் சந்தையின் குறியெண் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டபோது ஏறக்குறைய 4,390 புள்ளிகள் சரிந்தது. பணம் வைத்தோர் மூடர்களல்லர். ஆயினும் யாவரும் ஒரே செய்தியைக் கேட்டு ஒரே திசையில் ஓடினார்கள். ஒரே வதந்தியைக் கேட்ட ஆயிரம் பேரைக் கூண்டில் ஏற்றினாலும் ஆயிரம் சாக்ஷிகள் ஆகிவிட மாட்டார்கள்.

மழையின் மீதும் பந்தயம் உண்டு. கல்கத்தாவில் அவ்வழக்கம் பெருகி, 1897-ல் அதைத் தடுக்கச் சட்டம் செய்ய நேர்ந்தது. இப்போது மழையளவை ஆதாரமாகக் கொண்டு ஒப்பந்த வியாபாரம் தொடங்குவதற்காக 2025 ஜூனில் விளைபொருள் சந்தையொன்று வானிலை இலாகாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இதன் நோக்கம் நஷ்டத்திற்குக் காப்புத் தேடுவது; சூதாட்டமன்று. எனினும் அச்சந்தையின் விலையே மழைக்குச் சாக்ஷி என்று நம் குடியானவர்கள் எண்ணிவிடலாகாது.

அருப்புக்கோட்டை, திருச்சுழித் தாலூகாக்களின் மானாவாரிக் கரிசலை நோக்குங்கள். கண்மாயின் ஒரு கரையில் கொட்டும் மழை மறு கரையில் தூறாமற் போவதுண்டு. எங்கோ ஒரு நகரத்து மழைமானியைக் கொண்டு கட்டிய விலை இந்தக் காட்டுக்கு என்ன சொல்லும்? காற்றையும் மேகத்தையும் தலைமுறையாகக் கண்டறிந்தவனிடம் பந்தயம் வைக்கப் பணமில்லை. ஆகையால் அவன் அறிவு விலையில் ஏறுவதில்லை. பணமுள்ளவனுக்கோ இந்தக் கரிசலின் குணம் தெரியாது.

நூற்றுக்கு எழுபது பங்கு மழை வரும் என்று சந்தை சொல்லட்டும். அது சரியாகவே இருக்கட்டும். நூறு பந்தயம் கட்டுவோனுக்கு முப்பது தோல்வி ஒரு கணக்கு. புரட்டாசியில் கடன் வாங்கிப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைப்பவனுக்கு அவ்வருஷத்தில் விதைப்பு ஒன்றே. அந்த முப்பதில் ஒன்று அவன் தலையில் விழுந்தால் விதையும் போயிற்று, குடும்பமும் தத்தளித்தது.

ஒருவரும் நினையாததைச் சந்தையும் நினைப்பதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதன்மீது எவன் காசு வைத்திருப்பான்?

ஆகவே ஊழியர்களே! ஊர்தோறும் மழைமானி, தூர் வாரிய கண்மாய், காலத்தில் கைக்கு வரும் பயிர்க் காப்பீடு ஆகிய இம்மூன்றையும் கேளுங்கள். மழை வருமென்று சொல்லும் விலையைவிட, வராவிட்டாலும் குடியானவனைத் தாங்கும் ஏற்பாடே நமக்கு வேண்டுவது.